வாங்கலாம், திருப்பித் தரக் கூடாது

லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணக் கட்டில் டிஎம்ஏ பற்றிய பகுதி ஒன்று உண்டு. நெட்வொர்க் அட்டை, வட்டு, யுஎஸ்பி போன்ற சாதனங்கள் பிராசசரை எதிர்பார்க்காமல் தாமே நேரடியாகப் படித்து எழுதும் நினைவகத்தை எப்படி வாங்குவது, எப்படித் திருப்பித் தருவது என்று அது விளக்கும். வாங்கும் ஃபங்ஷனை, உரிய அடையாளத்தைச் சேர்த்துக் கொடுத்தால், குறுக்கீடு (சாதனம் சைகை கொடுத்துப் பிராசசரின் வேலையை இடைமறிப்பது) நடந்துகொண்டிருக்கும் வேளையிலும் அழைக்கலாம். திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு வரும்போது ஆவணத்தின் குரல் மாறிவிடுகிறது: குறுக்கீடுகள் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே இதை அழைக்க வேண்டும். மீறினால் கெர்னல் தன் பதிவேட்டில் எச்சரிக்கையைக் கொட்டும்.

புதிதாக டிரைவர் மென்பொருள் எழுத வருபவர் இந்த இடத்தில் குழம்பாமல் போவதில்லை. நினைவகம் வாங்கப் போனால் "இல்லை" என்ற பதில் வரலாம். இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் நேரலாம். திருப்பித் தருவதில் என்ன வந்தது? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அந்த ஒற்றை வரித் தடைக்குப் பின்னால் 70 ஆண்டுக் கதை இருக்கிறது.

முதல் கணினிகளுக்குக் குறுக்கீடு தெரியாது. நாடாவோ தட்டச்சு எந்திரமோ தயாராகிவிட்டதா என்று நிரலே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வரும்வரை வேறு வேலை ஓடாது. 1954-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பு ராணுவத்துக்காக டைசியாக் என்ற கணினியைக் கட்டியது. டிரெய்லர் வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகும்படி அமைத்த எந்திரம் அது. அதில் இரண்டு நிரல் எண்ணிகள் இருந்தன. வெளிச்சாதனம் சைகை கொடுத்தால் பிராசசர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் யூனிவாக் 1103ஏ வந்தது. ஒஹையோவின் லூயிஸ் ஆய்வகத்தில் காற்றுச் சுரங்கத்திலிருந்து அளவுகள் வரும்போது மட்டும் அவற்றை வாங்கிக்கொண்டு, மற்ற நேரத்தில் வழக்கமான கணக்குகளைப் போட அது குறுக்கீட்டைப் பயன்படுத்தியது.

வசதியைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் லூப்ஸ்ட்ராவும் ஸ்கால்டனும் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த 1957-58 காலத்தில், அதற்கான அடிப்படை நிரல்களை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. குறுக்கீடு சேர்க்கலாம் என்று வன்பொருள்காரர்கள் சொன்னதும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சில மாதங்கள் பிடிகொடுக்காமல் இழுத்தடித்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பயத்துக்குக் காரணம் உண்டு. அதுவரை ஒரு நிரலை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு முறையும் ஒரே பாதையில்தான் போகும். குறுக்கீடு எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் வந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று வந்த பிழையை நாளை மீண்டும் வரவழைத்துப் பார்க்க வழியில்லை. சோதித்துத் திருத்தும் கலை அங்கே கைகொடுக்காது. யோசித்து நிறுவித்தான் ஆகவேண்டும். கடைசியில் ஒப்புக்கொண்டார். எழுதினார். கணினியோடு உரையாடுவது பற்றி 1959-இல் அவர் அளித்த முனைவர் ஆய்வேடு அந்த வேலையிலிருந்து பிறந்தது.

டைக்ஸ்ட்ராவின் பயம் நேரம் பற்றியது: எப்போது வரும் என்று தெரியாது. நினைவகத்தை விடுவிக்கும் சிக்கல் வந்தது வேறொரு குணத்தால். குறுக்கீட்டு நிரலுக்குச் சொந்தமாக ஓர் இருப்பிடம் கிடையாது. அது வரும்போது பிராசசரில் யாருடைய வேலை ஓடிக்கொண்டிருந்ததோ, அவருடைய அடுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்து தன் வேலையை முடித்துவிட்டு இறங்கும். ஏதோ ஒரு காரணத்தால் அது காத்திருக்கத் தொடங்கினால், அதோடு சேர்ந்து அந்த அப்பாவி நிரலும் தூங்கிப்போகும். அதைவிட மோசமான இன்னொன்றும் நடக்கலாம். சாதாரண நிரல் ஒரு பட்டியலைப் பூட்டி வைத்துத் திருத்திக்கொண்டிருக்கும் பாதி வழியில் குறுக்கீடு வருகிறது. குறுக்கீட்டு நிரலும் அதே பட்டியலைக் கேட்கிறது. பூட்டைத் திறக்கவேண்டியவரின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, பூட்டு திறக்கட்டும் என்று காத்திருக்கும் நிலை. பிராசசர் அப்படியே உறைந்துவிடும். ஆக, குறுக்கீட்டுக்குள் காத்திருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கமாயிற்று.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினிக்கு எழுதிய யூனிக்ஸ், இந்த ஒழுக்கத்தை எவ்வளவு சிக்கனமாகக் கடைப்பிடித்தது என்பதை 1975-இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில் காணலாம். பிடிபி-11 பிராசசருக்கு 0 முதல் 7 வரை முன்னுரிமை மட்டங்கள் உண்டு. சாதனங்கள் 4 முதல் 7 வரையான மட்டங்களில் கதவைத் தட்டும். பிராசசர் தன் மட்டத்தை 5-க்கு உயர்த்திக்கொண்டால் 5-உம் அதற்குக் கீழும் உள்ள சாதனங்கள் வெளியே நிற்கவேண்டியதுதான். ஒரே ஒரு பிராசசர் இருந்த உலகில் அதுவே போதுமான பூட்டு.

அந்த யூனிக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் எதையும் விடுவிப்பதே இல்லை. தமக்கு வேண்டிய அட்டவணைகளைக் கெர்னலைத் தொகுக்கும்போதே நிலையான அளவில் ஒதுக்கிக்கொண்டுவிடும். விதிவிலக்கு, தட்டச்சு முனையங்கள். எத்தனை பேர் எவ்வளவு தட்டுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே! அதனால் எல்லா முனையங்களுக்கும் பொதுவாக 100 சிறு துண்டுகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் 8 பைட்: அடுத்த துண்டைக் காட்டும் சுட்டி 2 பைட், எழுத்துகளுக்கு 6. விசையைத் தட்டினால் குறுக்கீடு வரும். காலித் துண்டுகளின் சங்கிலியிலிருந்து தேவைப்பட்டால் ஒன்று உருவப்படும். முனையத்துக்கு எழுத்து போய்ச் சேர்ந்த குறுக்கீட்டில், காலியான துண்டு மீண்டும் அதே சங்கிலியில் கோக்கப்படும். இந்த இரண்டு வேலையும் அசெம்பிளி மொழியில், மட்டத்தை 5-க்கு உயர்த்தி, சில கட்டளைகளில் முடிந்துவிடும். துண்டு தீர்ந்துபோனால்? தட்டிய எழுத்து காணாமல் போகும், அவ்வளவுதான். காத்திருக்க முடியாத இடத்தில் இழப்பதே சரி என்று துணிந்த வடிவமைப்பு அது.

குறுக்கீட்டுக்குள்ளிருந்து நினைவகத்தை விடுவித்த தெளிவான ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. ஆபத்தே இல்லாததும்கூட. காரணம், விடுவிப்பது என்றால் இரண்டு சுட்டிகளை மாற்றி எழுதுவது மட்டுமே. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் இந்த மூல நிரலுக்கு வரி வரியாக உரை எழுதினார். 1996 வரை முறையாகப் பதிப்பிக்க முடியாமல் கிடந்த அந்த உரையை ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் நகலின் நகலாக எடுத்துப் படித்தார்கள்.

அதே நிரலில் எதிர்காலத்துக்கான விதையும் கிடக்கிறது. கடிகாரக் குறுக்கீடு வரும்போது, தாமதித்துச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலை அது பார்க்கவேண்டும். ஆனால் குறுக்கிடப்பட்ட நிரல் உயர்ந்த மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பட்டியலில் உள்ள வேலைகளைச் செய்யாமல் திரும்பிவிடும். அடுத்த துடிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். இப்போது முடியாததைத் தள்ளிப்போடு என்ற இந்தப் பழக்கம்தான் பின்னால் பெரிய கட்டடமாக எழுந்தது.

அதை முறையான ஏற்பாடாக்கியது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விஎம்எஸ். 1977 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வாக்ஸ்-11/780 கணினியில் முன்னுரிமை மட்டங்கள் 8-லிருந்து 32 ஆயின. சாதனங்கள் 20 முதல் 23 வரையான மட்டங்களில் குறுக்கிடும். குறுக்கீட்டு நிரல் அங்கே அவசர வேலையை மட்டும் செய்துவிட்டு, ஃபோர்க் என்ற முறையில், மீதியை 8 முதல் 11 வரையான தாழ்ந்த மட்டங்களுக்குத் தள்ளிவிடும். தள்ளுவதற்கு ஒரு சிறு துண்டு வேண்டும்: வரிசையில் கோக்க இரண்டு சுட்டிகள், எந்த மட்டம், எங்கிருந்து தொடரவேண்டும், கூடவே ஓரிரு பதிவகங்களின் மதிப்பு. அதற்குப் பெயர் ஃபோர்க் பிளாக்.

சரி, உயர்ந்த மட்டத்தில் இருக்கும் டிரைவர் ஒரு நினைவகத் துண்டை விடுவிக்க விரும்பினால்? எல்லோரும் வாங்கித் திருப்பும் பொது நினைவகக் குளத்தை அந்த மட்டத்தில் தொடக் கூடாது. வேலையைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் ஃபோர்க் பிளாக் வேண்டும். அதற்கும் நினைவகம் வேண்டும். விடுவிப்பதற்காக வாங்கவேண்டிய விபரீதம்! விஎம்எஸ் இதற்குக் கண்ட வழி அழகானது. விடுவிக்கப்படும் துண்டையே ஃபோர்க் பிளாக்காக மாற்றி வரிசையில் போட்டுவிடும் உள்முறை ஒன்று அதில் இருந்தது. எந்த மட்டத்திலிருந்தும் அதை அழைக்கலாம். காலி செய்யும் வீட்டின் கதவிலேயே டு-லெட் பலகையை மாட்டிவிட்டுப் போவது மாதிரி. உள்ளே இருந்த தரவு இனி யாருக்கும் வேண்டாம். அந்த இடத்திலேயே குறிப்பை எழுதினால் யாருக்கு நஷ்டம்? ஒரே நிபந்தனை: துண்டு, ஒரு ஃபோர்க் பிளாக்கை உள்ளடக்கும் அளவுக்காவது இருக்கவேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வரும் பல உத்திகள் இந்த ஒன்றின் மறுபிறப்புதான், எழுதியவர்கள் விஎம்எஸ்ஸைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும்.

பெர்க்லியின் 4.2பிஎஸ்டி 1983-இல் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தபோது, 128 பைட் துண்டுகளான எம்பஃப்களைக் காக்க ஒரு தனி முன்னுரிமை மட்டமே வகுத்தது. நெட்வொர்க் நினைவகத்தைத் தொடுகிறவர்கள் அந்த மட்டத்துக்கு ஏறவேண்டும். பாக்கெட்டை வரிசையில் போடுவது வன்பொருள் குறுக்கீடு, பிரித்துப் படிப்பது அதைவிடத் தாழ்ந்த மென்பொருள் குறுக்கீடு என்ற பிரிவும் அங்கே நிலைபெற்றது.

விஎம்எஸ் குழுவின் முன்னணிப் பொறியாளர் டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்டியில் அதே மட்டக் கணக்கு வேறு பெயர்களோடு வந்து உட்கார்ந்தது. சாதனக் குறுக்கீடு உயர்ந்த மட்டத்தில் ஓடும். அது டிபிசி என்ற தள்ளிப்போட்ட வேலையை வரிசையில் போடும். டிபிசி, டிஸ்பாட்ச் எனும் இடை மட்டத்தில் ஓடும். வட்டுக்கு மாற்றப்படாத குளத்து நினைவகத்தை டிஸ்பாட்ச் மட்டம்வரை விடுவிக்கலாம், அதற்கு மேல் கூடாது. சாதனமும் பிராசசரும் பகிரும் டிஎம்ஏ நினைவகம் என்றால் இன்னும் கண்டிப்பு: எல்லாவற்றுக்கும் கீழான சாதாரண மட்டத்தில் மட்டுமே. மட்டத்தை மதிக்காமல் நினைவகத்தைத் தொட்ட டிரைவர்களின் விளைவை, கணினி பற்றி எதுவும் தெரியாதவர்களும் நீலத் திரையில் பார்த்திருக்கிறார்கள். "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்று அதில் வரும் வாசகத்தின் பொருள், இருக்கவேண்டிய மட்டத்துக்கு மேலிருந்து தொடக் கூடாததைத் தொட்டுவிட்டார்கள் என்பதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டியலையும் பூட்டையும் பற்றியது. குறுக்கீடுகளை மூடிவிட்டு இரண்டு சுட்டிகளை மாற்றினால் தீரும் சிக்கல். அப்படியானால் லினக்ஸ் ஆவணம் ஏன் வாங்கலாம், திருப்பித் தரக் கூடாது என்கிறது? விடை, ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் ஒரே நினைவகத்தைப் பகிரத் தொடங்கிய நாட்களில் இருக்கிறது.

நிரல் பார்க்கும் முகவரி வேறு, சில்லில் இருக்கும் உண்மையான முகவரி வேறு. இரண்டையும் பொருத்தும் அட்டவணையை ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தால் நேரமாகும் என்பதால், அண்மையில் பார்த்த பொருத்தங்களை ஒவ்வொரு பிராசசரும் டிஎல்பி என்ற சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது. அட்டவணையிலிருந்து ஒரு பொருத்தத்தை நீக்கினால் மற்றப் பிராசசர்களின் குறிப்பேட்டிலும் அது அழியவேண்டும். பெரும்பாலான எந்திரங்களில் வன்பொருள் இதைத் தானாகச் செய்து தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் கெர்னலுக்கு டேவிட் பிளாக், ரிச்சர்ட் ரஷீத் முதலானோர் எழுதிய தீர்வு 1989-இல் கட்டுரையாக வந்தது. ஒரு பிராசசர் மற்றவற்றுக்குக் குறுக்கீடு அனுப்பும். அவை தம் வேலையை நிறுத்திப் பதில் சொல்லும். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே பொருத்தம் மாறும். அந்தச் செயலுக்குச் சூட்டிய பெயர் "ஷூட்டவுன்".

இங்கேதான் வாங்குவதும் கொடுப்பதும் பிரிகின்றன. புதிதாக ஒரு பொருத்தத்தைச் சேர்ப்பதற்கு யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம்; பழைய குறிப்பு எவரிடமும் இல்லை. நீக்குவது என்றால் எல்லோரிடமும் சொல்லி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் பிராசசர் குறுக்கீடுகளை மூடிக்கொண்டு இரண்டாவதற்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்கிறது என்று வையுங்கள். அதே கணத்தில் இரண்டாவதும் குறுக்கீடுகளை மூடிக்கொண்டு முதலாவதற்குச் செய்தி அனுப்பிக் காத்திருந்தால் இரண்டும் ஒன்றன் பதிலுக்காக மற்றொன்று என்றென்றும் நிற்கும்.

எல்லாக் கணினிகளிலும் இந்த ஆபத்து வெளிப்படையாகத் தெரியாது. இன்டெல் வகைக் கணினியில் டிஎம்ஏவும் பிராசசரின் கேஷும் முரண்படாமல் வன்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பதால், டிஎம்ஏ நினைவகத்துக்குப் புதிய முகவரிப் பொருத்தம் போடவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஏஆர்எம் பிராசசர்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. கேஷைத் தாண்டிச் செல்லும் தனிப் பொருத்தம் ஒன்றை உருவாக்கி, விடுவிக்கும்போது அதைக் கலைக்க வேண்டும். ரஸ்ஸல் கிங் பராமரித்த ஏஆர்எம் பகுதியில் இந்தத் தடை எச்சரிக்கையாகவே எழுதப்பட்டது. விளைவு வேடிக்கையானது. மேசைக் கணினியில் குறை சொல்ல முடியாமல் ஓடிய டிரைவரைக் கைக்குள் அடங்கும் சிறு பலகையில் போட்டதும் எச்சரிக்கை மழையாகப் பொழியும். எழுதியவருக்குத் தன் மேல் தவறில்லை என்றே தோன்றும்.

யுஎஸ்பி இந்தச் சிக்கலை வீதிக்குக் கொண்டுவந்தது. பழைய அட்டைகளைக் கணினி ஓடும்போது யாரும் பிடுங்குவதில்லை. டிரைவர் வாங்கிய நினைவகம் கணினி அணையும்வரை அதனிடமே கிடக்கும். யுஎஸ்பி சாதனத்தையோ பயனர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவுவார். நிலுவையில் இருந்த கோரிக்கைகள் எல்லாம் பிழையோடு திரும்பும். அவற்றை வரவேற்கும் ஃபங்ஷன் பெரும்பாலும் குறுக்கீட்டுச் சூழலில் ஓடும். இனி இந்த நினைவகம் தேவையில்லை என்பது தெரியவரும் இடமும் அதுவே. அங்கேயே விடுவித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

யுஎஸ்பி பகுதியில் நிறைய உழைத்த டேவிட் பிரவுனெல் 2001-இல் எழுதிய டிஎம்ஏ குளம், சிறு துண்டுகளுக்கு வழி காட்டியது. முழுப் பக்கங்களை முன்னதாக வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. குறுக்கீட்டுக்குள் துண்டைத் திருப்பித் தரலாம். அது குளத்துக்குள்ளேயே சங்கிலியில் கோக்கப்படும். பக்கங்கள் கெர்னலுக்குத் திரும்புவது குளத்தையே கலைக்கும்போதுதான். அதைச் சாதாரணச் சூழலில் செய்யவேண்டும். முனையங்களின் 8 பைட் துண்டுகள் கால் நூற்றாண்டு கழித்துப் புது உடுப்பில் வந்து நின்றன எனலாம்.

நெட்வொர்க்காரர்கள் வேறு வழி போனார்கள். லினக்ஸ் 2.4 வெளியான 2001 ஜனவரிக்குள், அனுப்பி முடித்த பாக்கெட்டைக் குறுக்கீட்டிலிருந்து விடுவிக்கத் தனி ஃபங்ஷன் வந்துவிட்டது. அது எதையும் விடுவிக்காது. பாக்கெட்டை அந்தப் பிராசசரின் முடிந்தவை பட்டியலில் கோத்துவிட்டு, மென்பொருள் குறுக்கீடு ஒன்றைத் தூண்டிவிடும். உண்மையான விடுவிப்பு அங்கே. எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று தெரியாத டிரைவர்களுக்காக, தானே பார்த்துத் தேர்ந்துகொள்ளும் மூன்றாவது வடிவமும் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட்ட டிரைவர்கள் ஏராளம். அது சோம்பலா, முன்யோசனையா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆர்சியு என்ற இன்னொரு மரபு ஓரெகன் மாநிலத்தின் சீக்வென்ட் நிறுவனத்தில் வளர்ந்தது. டஜன் கணக்கில் பிராசசர்களைக் கொண்ட எந்திரங்கள் செய்த நிறுவனம் அது. பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் 1993-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த உத்தி இதுதான்: பட்டியலிலிருந்து ஒரு துண்டை உருவியதும் விடுவித்துவிடாதே, அதை அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்த பிராசசர்கள் எல்லாம் ஒரு முறையாவது வேறு வேலைக்கு மாறியபின் விடுவி. படிப்பவர்கள் பூட்டே போடவேண்டாம். ஐபிஎம் 1999-இல் சீக்வென்டை வாங்கியது. ஐபிஎம்மின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த திபங்கர் சர்மா முன்னின்று உழைத்ததில், 2002 அக்டோபரில் ஆர்சியு லினக்ஸுக்குள் வந்தது. விடுவிக்கப்படக் காத்திருக்கும் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இரண்டு சுட்டிகள் அளவுக்கு இடம் ஒதுக்கி, அதன் வழியே அதை வரிசையில் கோக்கிறார்கள். கதவில் அதே பலகை.

ஆர்சியு புதிதாக ஒரு முடிச்சையும் போட்டது. காத்திருப்புக் காலம் முடிந்ததும் விடுவிக்கும் ஃபங்ஷன் மென்பொருள் குறுக்கீட்டில்தான் ஓடும். துண்டு சிறியதாக இருந்தால் பாதகமில்லை. சிதறிய பக்கங்களை ஒட்டித் தொடர்ச்சியான முகவரியாகக் காட்டும் பெரிய நினைவகமாக இருந்தால், அதைக் கலைக்கும் விஃப்ரீ என்ற ஃபங்ஷன் குறுக்கீட்டில் அழைக்கப்பட்டதும் கெர்னலையே நிறுத்திவிடும். ஆயிரக்கணக்கில் கோப்புகளைத் திறக்கும் ஒரு நிரலின் கோப்பு அட்டவணை வளரும்போது இந்த நிலைதான். பழைய அட்டவணையைத் தூக்கிப்போட, பட்டியல் ஒன்று, வேலை வரிசை ஒன்று என்று தனியாகக் குடித்தனம் நடத்தியது அந்தப் பகுதி. இதே போன்ற கைவேலைகள் வேறு இடங்களிலும் முளைத்தன.

கோப்பு முறைப் பகுதியின் பொறுப்பாளர் ஆல் விரோ 2013-இல் இதற்கு ஒரு முடிவு கட்டினார். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தவிப்பானேன், விஃப்ரீயே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதை மாற்றி எழுதினார். குறுக்கீட்டுக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தால், கொடுக்கப்பட்ட நினைவகத்தின் முதல் சில பைட்டுகளையே சங்கிலிக் கண்ணியாக்கிப் பட்டியலில் கோத்துவிட்டு, வேலை வரிசைக்குச் சொல்லி அனுப்பிவிடும். மொத்த மாற்றமும் சில டஜன் வரிகள். விஎம்எஸ் கையேட்டைப் புரட்டியவர்களுக்கு அதில் பழைய முகம் தெரியும். அந்த ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 3.10 முதல் இது நடைமுறை.

தாமதித்து விடுவிப்பதன் எதிர்முனை, முந்தி விடுவிப்பது. அங்கே விபத்துகளின் தன்மையே வேறு.

2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள் சிலருடைய இன்டெல் நெட்வொர்க் சில்லுகள் செத்துப்போயின. சில்லுக்குரிய நிலை நினைவகத்தில் இருந்த தகவல் அழிந்து, கணினியை மறுபடி தொடங்கினாலும் மீளாத நிலை. பழி முதலில் இ1000இ என்ற டிரைவர் மேல்தான் விழுந்தது. அதன் பூட்டுகளை அலசினார்கள், நிலை நினைவகத்துக்கு எழுத்துத் தடை போட்டார்கள். குற்றவாளி வேறு இடத்தில் இருந்தார். கெர்னலின் ஓட்டத்தைத் தடம் பிடிக்கும் எஃப்டிரேஸ் கருவி, தான் பின்னால் திருத்தவேண்டிய இடங்களின் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளும். அவற்றில் சில, தொடக்க வேலை முடிந்ததும் விடுவிக்கப்படும் நினைவகத்தில் இருந்தன. விடுவிக்கப்பட்ட முகவரியில் இ1000இ தன் சில்லின் நிலை நினைவகத்தைப் பொருத்திக்கொண்டது. எஃப்டிரேஸ் தன் பழைய குறிப்போடு அங்கே போனது. எதிர்பார்த்த கட்டளை இருந்தால் மட்டும் மாற்று என்ற கட்டளையைத்தான் அது கொடுத்தது. ஆனால் பொருந்தாவிட்டாலும் இருந்ததையே திரும்ப எழுதுவது அந்தக் கட்டளையின் சுபாவம். சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. சாதனத்தின் எழுது வாசலில் அது மரண அடி. அக்டோபரில் வந்த 2.6.27.1-இல் அந்த வசதி முடக்கப்பட்டது.

இன்னொரு சம்பவத்தில் பழைய முகவரியை விடாமல் பிடித்திருந்தது சாதனமே. 2011, 2012-இல் வந்த ஆப்பிள் மாக் கணினிகளின் தொடக்க மென்பொருள், இணையம் வழியாக இயங்குதளத்தை இறக்கும் வசதிக்காக பிராட்காம் 4331 வைஃபை அட்டையை ஒவ்வொரு தொடக்கத்திலும் எழுப்பிவிடும். கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்போது அதைத் திரும்பத் தூங்கவைக்க மறந்துவிடும். தொடக்க மென்பொருளின் நினைவகம் லினக்ஸின் கணக்கில் காலி. லினக்ஸ் அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். அட்டையோ, காற்றில் வந்த பாக்கெட்டுகளை டிஎம்ஏ வழியாக அதே முகவரியில் எழுதிக்கொண்டேயிருக்கும். பக்கத்தில் இருக்கும் எவரும் வைஃபை மூலம் கெர்னலின் நினைவகத்தில் எழுத முடியும் என்பது இதன் பொருள். லூகாஸ் வுன்னர் 2016-இல் சேர்த்த சில வரிகள், லினக்ஸ் கண் விழித்ததும் முதல் வேலையாக அந்த அட்டையை நிறுத்துகின்றன.

ஆகவேதான் விடுவிப்பதற்கு வரிசை முறை உண்டு. முதலில் சாதனத்தை நிறுத்து. அடுத்து குறுக்கீட்டு நிரலின் பதிவை நீக்கு. அதன்பின் நினைவகம். நடுவில் உள்ள படி ஏமாற்றக்கூடியது. பதிவை நீக்கும் ஃபங்ஷன், வேறு பிராசசரில் ஓடிக்கொண்டிருக்கும் அதே குறுக்கீட்டு நிரல் முடியும்வரை காத்திருக்கும். அதைக் குறுக்கீட்டு நிரலுக்குள்ளிருந்தே அழைத்தால், தான் முடிவதற்காகத் தானே காத்திருக்கும் அபத்தம் நேரும்.

இந்த விதிகளை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை ஒருகட்டத்தில் போய்விட்டது. விதியை மீறும் டிரைவர்களைப் பிடிக்க, விண்டோஸ் 2000-இல் டிரைவர் வெரிஃபையர் வந்தது. 2006-இல் இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வெனும் லினக்ஸில் சேர்த்த லாக்டெப், எந்தப் பூட்டு குறுக்கீட்டுக்குள் எடுக்கப்படுகிறது, எது குறுக்கீடு திறந்திருக்கும்போது எடுக்கப்படுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே பூட்டாக இருந்தால், முடக்கம் உண்மையில் நேராவிட்டாலும், நேரக்கூடும் என்று கத்திவிடும். சோதனைக்கு அகப்படாத பிழைகளைத் தர்க்கத்தால் பிடிக்கும் வேலை எந்திரத்தின் கைக்கு வந்தது.

கடைசித் திருப்பம் நிகழ்நேர லினக்ஸ் குழுவிடமிருந்து. 2009-இல் வந்த 2.6.30-இல் தாமஸ் க்ளெய்க்ஸ்னர் இழைக் குறுக்கீடுகளைச் சேர்த்தார். வன்பொருள் குறுக்கீடு வந்ததும் ஓர் இழையை எழுப்பிவிட்டுப் போய்விடும். உண்மையான வேலையை அந்த இழை செய்யும். இழைக்குச் சொந்த அடுக்கு உண்டு, சொந்தப் பெயர் உண்டு, காத்திருக்கும் உரிமையும் உண்டு. அவரும் கூட்டாளிகளும் 20 ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே சுமந்து திரிந்த நிகழ்நேர மாற்றங்களின் இறுதிப் பகுதி 2024 செப்டம்பரில், வியன்னா மாநாட்டின்போது லினஸ் டோர்வால்ட்ஸிடம் அச்சிட்டுத் தங்க நிறத்தில் சுற்றிய தாள்களாகவே நேரில் கொடுக்கப்பட்டது. நவம்பரில் வெளிவந்த 6.12-இல் அது சேர்ந்தது.

அந்த வடிவத்தில் கெர்னலைத் தொகுத்தால் கணக்கு தலைகீழாகிறது. பெரும்பாலான டிரைவர்களின் குறுக்கீட்டு நிரல் தானாகவே இழையாகிவிடுவதால், அங்கே குறுக்கீடுகள் திறந்தே இருக்கும். டிஎம்ஏ நினைவகத்தைத் திருப்பித் தந்தால் எச்சரிக்கை எழாது. மாறாக, இழையாகாத உண்மையான வன்பொருள் குறுக்கீட்டில், இத்தனை காலம் தாராளமாக அனுமதிக்கப்பட்டிருந்த சாதாரணச் சிறு துண்டு விடுவிப்புகூடக் குற்றம். அதன் பூட்டுகள் இப்போது தூங்கக்கூடியவை. டிரைவர் எழுதுபவருக்கோ இரண்டு கெர்னலிலும் ஒரே மூல நிரல் ஓடியாக வேண்டும். அதனால் அவர் குறுக்கீட்டுக்குள் எதையும் விடுவிக்காமல் வேலை வரிசையில் போட்டுவிட்டு வருகிறார். விடுவிக்கவேண்டிய துண்டுக்குள்ளேயே அதற்கான கண்ணியை வைத்து.